பழைய சந்தையில் அளவுக்கருவிகள்

பட்டறைக் கருவிகளைப் பழைய சாமான் சந்தையில் தேடுபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, வெட்டும் கருவியும் அளக்கும் கருவியும் ஒரே கண்ணால் பார்க்கத்தக்கவை அல்ல என்பதாகும். உளியின் வாய் மழுங்கியிருந்தால் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். இழைப்புளியின் உடலில் துரு படர்ந்திருந்தால் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு ஒரு பிற்பகலில் நீக்கிவிடலாம். அளவுக்கருவியோ, வெளித்தோற்றத்தில் கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல மின்னினாலும், பொருளைத் தொடும் இரு முகங்களில் ஒன்று நூறில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் நுண்ணிய வேலைக்குப் பயன்படாது. ஆகவே இத்தகைய கருவியைக் கையில் எடுத்தவுடன் அதன் உடலையும் பெட்டியையும் பெயரையும் பார்ப்பதற்கு முன், பொருளின் மேல் படியும் பரப்பைப் பார்ப்பதே முறை. அந்தப் பரப்பை இந்த இயல் 'தொடுமுகம்' என்று குறிக்கிறது.

தமிழகத்தில் இக்கருவிகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் சந்தைக்கு வருகின்றன. மூடப்பட்ட ஆலைகளின் கிடங்குச் சரக்கு ஒன்று. சென்னையின் பின்னி நிறுவனத்தைச் சேர்ந்த பக்கிங்காம் அண்டு கர்னாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது போல, பெரிய ஆலை ஒன்று கதவடைக்கும்போது அதன் பராமரிப்புப் பிரிவிலிருந்த கருவிகளும் ஏலத்துக்குப் போகின்றன. ஓய்வுபெற்ற டர்னர்கள், ஃபிட்டர்கள் ஆகியோரின் சொந்தப் பெட்டிகள் மற்றொன்று. குடும்பத்தில் அத்தொழிலைத் தொடர ஆள் இல்லாதபோது இவை பெட்டியோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. மூன்றாவது, அரசு நிறுவனங்கள் கழித்துக்கட்டும் பொருட்கள். 1964இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. போன்ற நிறுவனங்களின் வழியாக இவை மின்னணு ஏலத்தில் விற்கப்படுகின்றன என்றாலும், டன் கணக்கில் மொத்தமாக விடப்படுவதால் தனி மனிதருக்கு அந்த ஏலம் எட்டாது, அதை எடுத்த வியாபாரியின் கடையில்தான் கருவியைப் பார்க்க முடியும். மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையான பிறகு சென்னையில் பழைய பொருளுக்கென்று அத்தகைய ஒரே இடம் இல்லாமற்போனது. புதுப்பேட்டையில் வண்டி உதிரிபாகங்களுக்கு இடையிலும், கோவை உக்கடம் பகுதியின் பழைய இரும்புக் கடைகளிலும் பொறுமையோடு கிளறிப் பார்ப்பவருக்கே கருவிகள் அகப்படும்.

காயலான் கடையில் இரு வகை விலை உண்டு. கடைக்காரர் இனம் பிரிக்காத குவியலில் கிடப்பது கிலோ கணக்கிலும், அவர் ஒருமுறை கண்டுகொண்டு மேசைக்கு எடுத்துவைத்தது உருப்படிக் கணக்கிலும் போகும். குவியலில் கிடக்கும் மைக்ரோமீட்டர் மலிவு என்பது உண்மையே. ஆனால் சுத்தியலும் ஸ்பேனரும் அதன் மேல் எத்தனை முறை விழுந்தன என்பது யாருக்கும் தெரியாது என்பதால், மரப்பெட்டியோடு சற்றுக் கூடுதல் விலைக்குக் கிடைப்பதை வாங்குவதே பெரும்பாலும் ஆதாயம்.

கருவியில் பொறிக்கப்பட்ட பெயர் அதன் காலத்தையும் தரத்தையும் ஓரளவு சொல்லும். அமெரிக்காவின் ப்ரௌன் அண்டு ஷார்ப், 1880இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அதோல் நகரில் தோன்றிய ஸ்டாரெட், 1906இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்கிய மூர் அண்டு ரைட், ஜெர்மனியின் மார், ஜப்பானின் மிட்சுடோயோ ஆகிய பெயர்கள் இந்தியப் பட்டறைகளில் நன்கு அறியப்பட்டவை. பெயரைவிட நாட்டுப் பெயர் காலத்தைத் தெளிவாகக் காட்டுவதும் உண்டு: 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் அக்கருவி 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. மிட்சுடோயோ பெயரில் போலிகள் ஏராளம் என்பதையும், அவை பெரும்பாலும் புதிய டிஜிட்டல் வெர்னியர்களே என்பதையும் அறிந்தவர், மங்கலான எழுத்தும் வழவழப்பற்ற நகர்வும் கொண்ட ஒன்றைப் பெயருக்காக வாங்கமாட்டார். பெயர் ஏதுமில்லாத, ஆனால் தொடுமுகம் கெடாத கருவி அதைவிட மேலானது.

அளவுமுறையைப் பார்ப்பது அடுத்த படி. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்த எடை அளவைகள் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய கருவிகளும், இங்கிலாந்திலிருந்து வந்த பிற்காலக் கருவிகள் பலவும் இன்ச் அளவிலேயே இருக்கும். ஓர் இன்ச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்பது 1959இல் ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்கிடையே உறுதியானது என்பதால் கணக்கிட்டு மாற்றிக்கொள்வதில் தடையேதுமில்லை. எனினும், மில்லிமீட்டரில் மட்டுமே வேலை செய்பவருக்கு ஒவ்வொரு அளவையும் பெருக்கிப் பார்ப்பது சலிப்பையும் தவறையுமே தரும். பழைய ஆங்கிலேய லேத்தைப் பழுது பார்ப்பவருக்கோ இன்ச் மைக்ரோமீட்டர் இன்றியமையாதது. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக இன்ச் கருவியை வாங்கியவர்கள் அதை அலமாரியில் வைப்பதே வழக்கம்.

வெர்னியர் காலிப்பர் என்பது முதன்மை அளவுகோலின் மேல் நகரும் துணை அளவுகோலைக் கொண்டு, ஒரு பிரிவின் சிறு பின்னத்தையும் படிக்க உதவும் கருவி. பிரெஞ்சுக்காரரான பியேர் வெர்னியர் 1631இல் வெளியிட்ட முறை இது. மில்லிமீட்டர் வகையில் 49 மில்லிமீட்டர் நீளத்தை 50 பங்காக்கிய துணை அளவுகோல் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கவும், இன்ச் வகையில் 24 பிரிவை 25 பங்காக்கியது ஆயிரத்தில் ஒரு இன்ச் வரை படிக்கவும் துணைபுரிகிறது. கடையிலேயே செய்யத்தக்க முதல் சோதனை, தாடைகளைத் துணியால் துடைத்து மெல்ல மூடி, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்ப்பது. தாடைகள் நெடுக ஒன்றோடொன்று படிந்திருந்தால் ஒளி எங்கும் கசியாது. சில மைக்ரான் இடைவெளியும் மெல்லிய ஒளிக்கோடாகத் தெரிந்துவிடும். பட்டறையில் பலரும் தாடையின் நுனியாலேயே அளப்பதால், நுனிப் பக்கம் ஒளி தெரிந்து அடிப் பக்கம் இருண்டிருக்கும் காலிப்பர்களே மிகுதி. இத்தகையதை வாங்கினால் அடிப் பக்கத்தால் மட்டும் அளக்க வேண்டிவரும். அடுத்து, நகரும் தாடையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் மேல்விளிம்பிலுள்ள திருகுகளை இறுக்கிச் சரிசெய்யலாம் என்பது உண்மையாயினும், கோலின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து இரு முனைகளும் தேயாமலிருந்தால், நடுவுக்கு இறுக்கினால் முனையில் சிக்கும், முனைக்குத் தளர்த்தினால் நடுவில் ஆடும்; அதற்குத் தீர்வில்லை.

மைக்ரோமீட்டர் என்பது நுண்ணிய திருகின் சுற்றை அளவாக மாற்றும் கருவி. திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகர, அதன் உருளையின் விளிம்பு 50 பங்காகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு பங்கும் 0.01 மில்லிமீட்டரைக் குறிக்கும். இன்ச் வகையில் இன்ச்சுக்கு 40 மரை, விளிம்பில் 25 பங்கு, ஒரு பங்குக்கு ஆயிரத்தில் ஒரு இன்ச். பாரிஸைச் சேர்ந்த ழான் லொராங் பால்மர் 1848இல் காப்புரிமை பெற்ற வடிவம், இன்றைய கருவிக்கும் அடிப்படை. பழைய மைக்ரோமீட்டரைத் தேர்பவர் உருளையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் நுனியால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். வழி நெடுக ஒரே சீராகச் சுற்றினால் மரை நன்றாக உள்ளது. ஓரிடத்தில் தளர்ந்து மற்றோரிடத்தில் இறுகினால், ஒரே அளவுள்ள பொருளை ஆண்டுக்கணக்கில் அளந்த கருவி அது, அந்த அளவுக்கருகில் மரை தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். முனையிலுள்ள ராட்செட், அதாவது குறித்த அழுத்தத்துக்கு மேல் நழுவிவிடும் பிடி, கிளிக் ஓசையோடு சுழல்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது.

பூஜ்யம் பொருந்தாமையைக் கண்டு பலரும் நல்ல மைக்ரோமீட்டரை ஒதுக்கிவிடுகின்றனர். தொடுமுகங்களுக்கிடையே வெள்ளைத்தாளை மெல்ல இறுக்கி இழுத்துத் துடைத்த பின்னும் பூஜ்யக் கோடு விலகியிருந்தால், கொக்கி போன்ற சிறு சாவியால் உட்குழாயைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். அது குறையே அன்று. இரு முகங்களும் இணையாக இல்லாமையும் மரைத்தேய்வும்தான் உண்மையான குறைகள், இவற்றைப் பூஜ்யத்தில் மட்டும் பார்த்துக் கண்டறிய இயலாது.

இதற்குச் சட்டைப்பையில் கொண்டுசெல்லத்தக்க ஓர் எளிய துணை, புதிய 608 எண் பால் பேரிங். அதன் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், உள்விட்டம் 8 மில்லிமீட்டர். சாதாரணத் தரத்திலேயே வெளிவிட்டம் 0.009 மில்லிமீட்டருக்கு மேல் குறையாமலும் சற்றும் கூடாமலும் இருக்குமாறு உருவாக்கப்படுவதால், சில பத்து ரூபாயில் கிடைக்கும் மாதிரி அளவாகிவிடுகிறது. பெரிய கருவிக்கு 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 17 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட 6203 பொருந்தும். உள்விட்டத்தைக் கொண்டு வெர்னியரின் உள்தாடைகளையும் சோதிக்கலாம். பேரிங்கின் அகலத்தை மட்டும் மாதிரியாகக் கொள்ளக்கூடாது. அதற்கு அனுமதிக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு பத்து மடங்குக்கும் மேல். இன்னொரு நுட்பமும் உண்டு: 22 மில்லிமீட்டரில் நிற்கும்போதும் பூஜ்யத்தில் நிற்கும்போதும் உருளை ஒரே சுற்றுநிலையில்தான் இருக்கிறது, ஆகவே ஒரு சுற்றுக்குள் மரையிலுள்ள கோணல் இதில் வெளிப்படாது. சைக்கிள் சக்கரத்தின் கால் இன்ச் குண்டு 6.35 மில்லிமீட்டரும், முன்சக்கரத்தின் சிறிய குண்டு ஏறத்தாழ 4.76 மில்லிமீட்டரும் இருப்பதால், இவ்விரண்டையும் சேர்த்து அளந்தால் உருளையின் வேறு வேறு நிலைகளும் சோதனைக்குள்ளாகின்றன. குண்டைத் தொடுமுகத்தின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்து அளக்கையில் எண் மாறினால், முகங்கள் இணையாக இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வெயிலில் காய்ந்த கருவியைக் கொண்டு சோதிப்பது வீண். அளவுகளுக்கான பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று உலகெங்கும் வகுத்துள்ளனர்; 35 டிகிரியில் 100 மில்லிமீட்டர் எஃகு ஏறத்தாழ 0.017 மில்லிமீட்டர் நீளும். கருவியும் பொருளும் எஃகாக இருந்து இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் நீட்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பதால், கருவியையும் பேரிங்கையும் நிழலில் ஒரே இரும்புப் பரப்பின் மேல் சிறிது நேரம் வைத்திருந்து அளப்பது போதும். அலுமினியம் எஃகைப் போல இருமடங்கு நீள்வதால் அதற்கு இந்த ஈடு பொருந்தாது.

டயல் கேஜில் பார்க்க வேண்டியது ஒன்றே: தண்டை மெல்ல உயர்த்தி விட்டால் முள் ஒவ்வொரு முறையும் அதே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தயங்கித் திரும்பினால் உள்ளே அழுக்கு அல்லது எண்ணெய். விற்பவர் 'எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்' என்று சொல்லி விட்டுக்காட்டினால் அக்கருவியை அங்கேயே வைத்துவிடுவது நன்று, ஏனெனில் அந்த எண்ணெய்தான் தூசியைப் பிடித்துப் பற்சக்கரங்களை ஒட்டவைக்கும். கழுத்தின் விட்டம் மெட்ரிக் வகையில் 8 மில்லிமீட்டர், இன்ச் வகையில் 3/8 இன்ச். கையிலிருக்கும் தாங்கிக்கு எது பொருந்தும் என்பதை முன்பே அறிந்து செல்ல வேண்டும்.

ஸ்வீடன் நாட்டின் கார்ல் எட்வர்டு யோஹான்சன் 1896இல் உருவாக்கிய ஸ்லிப் கேஜ், அதாவது குறித்த தடிமனுக்குக் கண்ணாடிபோல் தேய்த்த எஃகுக் கட்டைகளின் தொகுதி, பழைய சந்தையில் அரிதாகவே அகப்படும். இரு கட்டைகளைத் துடைத்து ஒன்றன் மேல் ஒன்றை வழுக்கி அழுத்தினால் அவை பசையின்றியே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாதவை கீறலோ விரல்ரேகைத் துருவோ ஏறியவை. தொகுதியில் இரண்டொரு கட்டை குறைந்தாலும் பல அளவுகளைச் சேர்க்க முடியாமற்போகும் என்பதால், காலியிடங்களை எண்ணிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

அடிக்கோல்களில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. வார்ப்பட அச்சு செய்யும் தச்சர்கள், உருக்கிய இரும்பு குளிரும்போது சுருங்குவதை ஈடுசெய்ய, வேண்டுமென்றே நீட்டிப் பிரித்த சுருக்க அடிக்கோலைப் பயன்படுத்தினர். வார்ப்பிரும்புக்கு ஓர் அடிக்கு ஏறத்தாழ ஒரு நூல், அதாவது 1/8 இன்ச், மிகையாக அதில் பிரிவுகள் இருக்கும். பித்தளைக்கும் எஃகுக்கும் மிகை இன்னும் அதிகம். வார்ப்பாலைகள் மிகுந்த கோவைப் பகுதியில் இத்தகைய கோல்கள் பழைய இரும்போடு கலந்து வருவதற்கு வாய்ப்பு கூடுதல். தேய்ந்த எழுத்தில் 'ஷ்ரிங்க்' அல்லது 'கான்ட்ராக்ஷன்' என்ற சொல்லைக் கவனிக்காமல் வாங்கியவர், அதைக்கொண்டு அறுத்த பலகை ஒவ்வோர் அடிக்கும் ஒரு நூல் மிகையாக வருவதன் காரணம் புரியாமல் திகைப்பார். நல்ல எஃகுக் கோல் ஒன்றை அருகே வைத்து 12 இன்ச் கோட்டை ஒப்பிட்டால் ஒரு நொடியில் இது தெளிவாகும்.

நில அளவைச் சங்கிலியும் இவ்வினத்தில் கவனத்துக்குரியது. எட்மண்ட் குன்டரின் பெயரால் வழங்கும் சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் ஆவதால், தமிழகத்தில் இன்றும் வழங்கும் ஒரு சென்ட் என்பது 1,000 சதுரக் கண்ணி. பித்தளைக் கைப்பிடியோடு கிடைப்பவை அழகியவை. ஆனால் கண்ணிகளை இணைக்கும் வளையம் ஒவ்வொன்றும் சிறிது தேய, மொத்த நீளம் பல இன்ச் கூடிவிடுவது இயல்பு என்பதால், அவற்றைச் சேகரிப்புப் பொருளாக மட்டுமே வாங்கத்தகும்.

மூலைமட்டத்துக்கும் ரசமட்டத்துக்கும் சோதனை எளிது. நேர்விளிம்புள்ள பலகையில் மூலைமட்டத்தை வைத்துக் கோடிழுத்து, பிறகு அதைப் புரட்டிப்போட்டு அதே புள்ளியிலிருந்து மீண்டும் கோடிழுத்தால் இரு கோடுகளும் ஒன்றாக வேண்டும். விலகினால் அந்த விலகலில் பாதி கருவியின் கோணல். ரசமட்டத்தை ஒரு பரப்பில் வைத்துக் குமிழின் இடத்தைக் குறித்து, முனை மாற்றி அதே இடத்தில் வைத்தால் குமிழ் பரப்பின் அதே பக்கம் அதே அளவு விலகி நிற்க வேண்டும்.

மரவேலைக் கருவிகளில் அமெரிக்க ஸ்டான்லி, ஆங்கிலேய ரெக்கார்ட் ஆகிய இரும்பு இழைப்புளிகள் கிடைக்கும். துருவைவிட இவற்றில் அஞ்ச வேண்டியது விரிசல்: வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும், அதிலும் அலகு நுழையும் வாயின் இரு மூலைகளிலேதான் பெரும்பாலும் கீறும். ஸ்டான்லியின் அடிப்பகுதியில் மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டு, அவற்றில் கடைசியானது 1910ஆக இருந்தால், அது அவ்வாண்டுக்கு முந்தையதன்று என்பது மட்டும் உறுதி. பழைய ஆங்கிலேய உளிகளில் காணப்படும் 'கேஸ்ட் ஸ்டீல்' என்ற முத்திரை, மூசையில் உருக்கி வார்த்த உயர்ந்த எஃகைக் குறிப்பது. அதை வார்ப்பிரும்பு என்று எண்ணி ஒதுக்குபவர் நல்ல உளியை இழப்பார். அலகின் பின்புறத்தில் வாய்க்கு அருகே துருக்குழி இருந்தால் மட்டும் விட்டுவிட வேண்டும்.

ஆங்கிலேய ஸ்பேனர்களில் எண்ணைக் கண்டு ஏமாறக்கூடாது. விட்வொர்த் முறையில் பொறித்த எண் வாயகலத்தைக் குறிக்காமல் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். ஒரே வாயில் 3/8 விட்வொர்த் என்றும், நுண்மரை வகையான பி.எஸ்.எஃப். முறையில் 7/16 என்றும் இரு எண்கள் இருப்பது அதனால்தான். மரை கேஜில் 55 டிகிரி என்றிருந்தால் அது விட்வொர்த்துக்கு உரியது. மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி.

இயங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் சொத்து எண் பொறித்த கருவியை ரசீது இல்லாமல் வாங்குவது திருட்டுப் பொருளை வாங்குவதில் முடியலாம். பழைய எடைக்கற்களையும் தராசுகளையும் வாங்குவதில் தவறில்லை. ஆனால் 2009ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டத்தின்படி முத்திரையிடப்படாதவற்றை வியாபாரத்தில் பயன்படுத்த முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அளவுக்கருவியைக் கம்பிச் சக்கரத்தில் கொடுத்து மினுக்குவது, அதன் கோடுகளையும் எண்களையும் சேர்த்தே அழித்துவிடும். பட்டறைக்காரர்கள் விற்பனைக்காக இவ்வாறு மினுக்கிய கருவியை வாங்காமலிருப்பதும் நல்லது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் மிக மெல்லிய எஃகுக் கம்பளியும் உடலுக்குப் போதும். தொடுமுகத்தில் துணியைத் தவிர வேறெதுவும் படக்கூடாது. சிட்ரிக் அமிலத்தில் ஊறவைக்கும் முறை சுத்தியலுக்கும் இடுக்கிக்கும் பொருந்துமே தவிர, அளவுக்கருவிக்கு ஆகாது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று ஒரே மாதத்தில் துருவேற்றிவிடும் என்பதால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தேவை. மைக்ரோமீட்டரை இருமுகமும் தொடும்படி மூடி வைக்காமல் சற்றே திறந்து, பூட்டுத் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும். பேரிங்கையும் குண்டுகளையும் கொண்டு கண்ட பிழைகளை எந்த அளவில் எவ்வளவு என்று சிறு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவைத்தால், வாடிக்கையாளருக்குச் சான்று தேவைப்படும் வேலைக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்துக்கு அனுப்பத்தகுந்த கருவி எது, வீட்டுப் பட்டறையோடு நிற்க வேண்டியது எது என்பதை அந்தத் தாளைப் பார்த்தே பிரித்துக்கொள்ளலாம்.